கனவான் சாட்சி

அறிவென்பது ஒருவர் உடைமையன்று, பலர் கண்டு ஒப்பிய பொதுப்பொருள் என்னும் கொள்கைக்கு லண்டன் ராயல் சொஸைட்டியை உதாரணங் காட்டுவது நம் படித்தவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. 1660-இல் தோன்றிய அச்சபை, எவர் வாக்கையும் வாக்கென்பதற்காக ஏற்கோம் என்பதைத் தன் விருதுமொழியாகக் கொண்டது. ஏட்டையும் குருவையும் விடுத்துக் கண்ணை நம்பத் துணிந்ததை நாமும் போற்றுகின்றோம். ஆனால், எவருடைய கண்ணை?

ராபர்ட் பாயில் அதே ஆண்டில் தமது காற்றிறைக்கும் எந்திரத்தைப் பற்றி நூல் வெளியிட்டார். கண்ணாடிக் கலத்திலிருந்து காற்றை இறைக்க இறைக்க, உள்ளிருந்த பறவை துடித்து மடிந்தது. இத்தகைய சோதனைகளைத் தாம் ஒருவரே கண்டதாகச் சொன்னாற் போதாது, தக்க சாட்சிகள் வேண்டும் என்பது அவர் முறை. முறை நல்லதே, தக்கவர் யார் என்பதிலேதான் சூது புகுந்தது. 1667-இல் சபையின் சரித்திரத்தை எழுதிய தாமஸ் ஸ்பிராட், அங்கத்தினருள் பெரும்பாலோர் கனவான்களே என்று பெருமை பேசுகின்றார். பிழைப்புக்கு உழைப்பவன் இலாபத்தை நாடி அவசரப்படுவானாம். எவருக்கும் கட்டுப்படாத கனவானே பட்சபாதமின்றிக் காண்பானாம்!

இதனினும் நகைக்கத்தக்க நியாயம் உண்டோ? சொத்துடையவனுக்குச் சொத்தின்மீது பட்சமில்லையா? அவ்வெந்திரம் ஓயாது ஒழுகியது. எங்கே ஒழுகுகின்றதென்று அதை இயக்கிய கை அறியுமா, எதிரே அமர்ந்திருந்த பட்டுச்சட்டை அறியுமா? எந்திரத்தை ஆக்கித் தந்த ராபர்ட் ஹூக் பின்னர் பெயர் பெற்றார். பாயிலின் ஏவலாட்கள் பலருக்குப் பெயரே இல்லை. துரை கண்டால் ‘கண்டறிந்தார்’, கூலி கண்டால் ‘உளறினான்’ என்னும் கணக்கைத் தோட்டத்து வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டுவதில்லை.

இதைக் கேட்டதும், பொதுவறிவே புரட்டு, அவரவர் கண்டதே உண்மை என்று துள்ளுவோரும் உளர். அவர்களோடு நாம் சேரோம். காற்றில்லாக் கலத்தில் பறவை கனவான் பார்த்தாலும் மடியும், கூலி பார்த்தாலும் மடியும். அதனாலேயே கூலியின் சாட்சியைத் தள்ள நியாயமில்லை என்கின்றோம்.

கிரெஷாம் கல்லூரியில் கூடும் அக்கூட்டத்துக்குள் விரும்பியவரெல்லாம் நுழையலாமோ என்று தாமஸ் ஹாப்ஸ் 1661-இலேயே கேட்டார். (அரசன் அதிகாரத்துக்கு யாவரும் அடங்குக என்பது அம்மனிதரின் மருந்து, அது நோயினும் கொடிது.) உருப்பெருக்குக் கண்ணாடியின் காட்சியை அப்படியே நம்பலாகாதென்று 1666-இல் நூலெழுதி வாதித்தவர் மார்கரெட் கேவண்டிஷ் சீமாட்டி. மறு ஆண்டு சோதனைகளைப் பார்வையிட அவரைச் சபைக்குள் விட்டனர், ஒரே நாள், விருந்தாளியாக. பெண்ணொருத்தி அங்கே அங்கத்தினராக அமர 1945 ஆயிற்று.