மலைமண்ணும் நாணயப் பேழையும்

இறம்பொடையில் மழை வலுத்தால் அருவியைக் காணும் மகிழ்ச்சியினும் மண்சரிவைப் பற்றிய அச்சமே மிகுகின்றது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுட் புதைந்தன. 2025 நவம்பரில் ‘டித்வா’ சூறாவளி மலைநாடெங்கும் சரிவுகளை விளைவித்தது. இந்நிலத்தில் நாணயஞ் சேர்க்கும் மாணவர் யாது செய்யலாம்?

அப்பேழையிற் கிடப்பவை அற்பமானவையல்ல. 1909 முதல் வெளிவந்த சதுரமான 5 சதக் காசு ஒருபுறமிருக்க, கோப்பித் தோட்டங்கள் 19ஆம் நூற்றாண்டில் தொழிலாளருக்கு வழங்கிய உலோக வில்லைகளும் சிலரிடம் இருக்கக்கூடும். தேயிலைக்கு முன்னர் நம்மவர் இம்மலைகளிற் பட்ட பாட்டிற்கு அவை சாட்சியன்றோ!

காம்பிராவின் தரையிலோ ஈரச்சுவரை ஒட்டியோ பேழையை வையாதீர்கள். இறுக மூடும் தகரப் பெட்டியில், ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொட்டலத்துடன் உயரத்தில் வையுங்கள். மிருதுவான பிளாஸ்டிக் உறைகள் பல காலப்போக்கிற் செம்பிலே பச்சைப் பிசுக்கைப் படியச் செய்யும், அவை வேண்டா. ஒவ்வொரு காசின் ஆண்டு, எடை, இருபுறப் படம் ஆகியவற்றைக் குறித்து, ஒரு பிரதியை வேற்றூர் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். பெறுமதி மிக்கவற்றிற்கு நகரத்து வங்கிப் பெட்டகமே தக்கது.

சுவரில் வெடிப்புக் கண்டாலும், புதிய ஊற்றுக் கலங்கிப் பாய்ந்தாலும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்தாலும் உடனே வெளியேறுக, பேழைக்காகத் திரும்பலாகாது.

வெள்ளத்தில் நனைந்த காசைப் புளியிட்டுத் துலக்க அன்னையர் முற்படுவர்! அது குத்துவிளக்கிற்கு ஆகும். காசிற்கோ அதன் பழம்படலத்தையே போக்கிவிடும். தூயநீரிற் சேறகல அலசி, பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி, நிழலில் உலர்த்தினாற் போதும்.