புரொஜெக்டர் யாருக்காக?

இளம் ஆசிரியர்கள் வந்தால் வகுப்பறைக்குள் தொழில்நுட்பமும் தானாக வந்துவிடும் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். கல்வியியற் கல்லூரியில் 2 வருடம் படித்து, 3ஆவது வருடம் பாடசாலையில் பயிற்சி செய்து வெளியே வந்த எங்களுக்குத்தான் உண்மை தெரியும். கையில் போன் இருப்பது வேறு. அதை வைத்துப் படிப்பிக்கத் தெரிவது வேறு.

பயிலுனர் காலத்தில் நாங்கள் என்ன செய்தோம்? மேற்பார்வைக்கு சேர் வரும் நாளில் மட்டும் புரொஜெக்டரைத் தேடி ஓடினோம். முதல்நாள் இரவு முழுக்க ஸ்லைட் செய்தோம். 40 நிமிடப் பாடத்தில் 15 நிமிடம் வயர் மாட்டுவதிலேயே போனது. பயறு முளைப்பதை வீடியோவில் காட்டினோம். ஈரப் பஞ்சில் நாலு பயறு போட்டு வைத்திருந்தால் பிள்ளைகள் தினமும் வந்து தொட்டுப் பார்த்திருப்பார்கள். ஆனால் அன்று எங்களுக்குப் பிள்ளையை விடப் புள்ளிதான் பெரிதாகத் தெரிந்தது. சேர் வாகனத்தில் ஏறியதும் புரொஜெக்டர் அலுமாரிக்குள் போனது.

பழி எங்கள் மீது மட்டுமில்லை. ஸ்லைட் இருக்கிறதா என்று பார்த்தவர்கள், அதனால் பிள்ளைக்கு என்ன விளங்கியது என்று கேட்கவே இல்லை. எதற்குப் புள்ளி போடுகிறீர்களோ அதைத்தானே பயிலுனர் செய்வார்?

இதன் விளைவு 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது தெரிந்தது. புத்தகப் பக்கத்தைப் படம்பிடித்து வட்ஸ்அப் குறூப்பில் போட்டுவிட்டு, "ஒன்லைன் வகுப்பு" என்றோம். 2021இல் பதுளை மாவட்டத்து போகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுவழியே நடந்து பாறை ஏறியதை உலகமே பார்த்தது. அப்படி ஏறிப்போகும் ஒரு பிள்ளையின் கைக்கு வெறும் போட்டோ போய்ச் சேர்ந்தால் அது நியாயமா?

அதற்காக, "இந்தப் போனே வேண்டாம், வெண்கட்டி போதும்" என்று சொல்பவர்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. எங்களில் ஒரு டீச்சர், 3ஆம் தரத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகளின் குரலைத் தன் போனில் பதிவு செய்வார். இரண்டு கிழமை கழித்து மறுபடி பதிவு செய்து, இரண்டையும் அந்தப் பிள்ளைக்கே போட்டுக் காட்டுவார். டேட்டா வேண்டாம், புரொஜெக்டர் வேண்டாம், கரண்ட் போனாலும் கவலையில்லை. தான் முன்னேறியதைத் தன் காதாலேயே கேட்ட பிள்ளை, மறுநாள் புத்தகத்தோடு தானாக வந்து நிற்கிறது.

இன்று பயிற்சியில் இருக்கும் தம்பி, தங்கைகளே! சட்ஜிபிடியிடம் பாடக்குறிப்பு எழுதி வாங்குவது கெட்டித்தனமில்லை. கருவியைத் தூக்கும் முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இது இல்லாவிட்டால் என் பிள்ளைக்கு எது விளங்காமல் போகும்? பதில் இல்லையென்றால் அதை வைத்துவிட்டு வெண்கட்டியை எடுங்கள்.

எங்கள் நிய்யத் சேரின் புள்ளியாக இருக்கக்கூடாது. வகுப்பில் இருப்பவர்கள் எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நாளை அல்லாஹ்விடம் பதில் சொல்லும்போது ஸ்லைட் கணக்கு உதவாது.