ஆட்டோ லெவலிங்காம், ஆட்டோ லெவலிங்!

கோவில்பட்டியில் எந்தப் பெட்டிக்கடை அண்ணாச்சியை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். குச்சி முனையில் எவ்வளவு நல்ல மருந்து இருந்தாலும், பெட்டியின் பக்கவாட்டில் பூசிய மருந்து தேய்ந்துபோனால் தீ பற்றாது. குச்சியில் பொட்டாசியம் குளோரேட், பெட்டிப் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும். பாதி வேலை அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. தீப்பெட்டி ஊருக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் 3டி பிரிண்டர் வாங்கப் போகும்போது மட்டும் இந்த அறிவு எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ! வாங்குபவரின் முதல் கேள்வி, "ஆட்டோ லெவலிங் இருக்கா?" விற்பவரின் பதில், "ஃபுல்லா ஆட்டோமேடிக் சார், ஒரு பட்டனை அமுக்கினாப் போதும்." அதோடு பேரம் முடிந்தது. அச்சுத் தட்டின் மேல் என்ன பூச்சு, எத்தனை நாள் தாங்கும், மாற்றுத் தட்டு என்ன விலை, இதெல்லாம் கேள்வியே இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். சாதாரண 3டி பிரிண்டர் என்பது பிளாஸ்டிக் இழையை உருக்கி, பெரும்பாலும் 0.4 மி.மீ. துளையுள்ள மூக்கு வழியாக (நாசில் என்பார்கள்) கோடு கோடாகப் பிதுக்கி, அடுக்கு மேல் அடுக்காகப் பொருளை எழுப்புவது. முதல் அடுக்கின் தடிமன் ஏறக்குறைய 0.2 மி.மீ. மூக்குக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு காகிதத் தடிமன் கூடினால் பிளாஸ்டிக் ஒட்டாது, குறைந்தால் மூக்கு தட்டைப் பிறாண்டும். முன்பெல்லாம் காகிதத்தைச் செருகி, திருகைத் திருகி இதைச் சரிசெய்தார்கள். இப்போது சென்சார் அளக்கிறது. நல்லதுதான், யார் வேண்டாம் என்றது? ஆனால் அந்தச் சென்சார் எதை அளக்கிறது? வம்பே அங்கேதான்.

காந்தப் புலத்தால் உலோகத்தை உணரும் சென்சார் என்றால், அது பார்ப்பது பூச்சுக்கு அடியில் இருக்கும் இரும்புத் தகட்டை. பூச்சு அதன் கண்ணுக்கே தெரியாது. அதே தகட்டில் 0.1 மி.மீ. கூடுதல் பூச்சுள்ள தட்டை மாட்டினால், பழைய கணக்கிலேயே மூக்கு இறங்கி வரும். முதல் அடுக்கின் பாதி இடைவெளி அப்படியே காலி. ஆட்டோ தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, தட்டு மாறியதை யாரும் அதனிடம் சொல்லவில்லை!

இன்னொரு வகையில் மூக்கே தட்டைத் தொட்டு அளக்கும். அமெரிக்காவின் லல்ஸ்பாட் மினி (2015) இதை மின் தொடர்பால் செய்தது. அதன் தட்டில் பி.இ.ஐ. என்ற பிளாஸ்டிக் பரப்பு. அது மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் நான்கு மூலையிலும் உலோக வாஷர் வைத்து, மூக்கு முதலில் கம்பளித் துண்டில் தன்னைத் துடைத்துக்கொண்டு வாஷர்களைத் தொட வேண்டும் என்று வடிவமைத்தார்கள். மூக்கில் பழைய பிளாஸ்டிக் ஒட்டியிருந்தால் தொடர்பு கிடைக்காது, மூக்கு அழுத்திக்கொண்டே போகும். மேற்பரப்பு எதனால் ஆனது என்பதே அளக்கும் முறையைத் தீர்மானித்திருக்கிறது பாருங்கள்.

2023-ல் வந்த புரூசா எம்.கே.4 எடையை உணரும் சென்சாரை மூக்கோடு இணைத்துக்கொண்டு, பூச்சையே நேராகத் தொடுகிறது. பி.இ.ஐ. சுமார் 217 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். பெட்-ஜி இழையை அச்சிட மூக்குக்கு 230 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டோடு தட்டைக் குத்தினால் என்ன ஆகும்? அதனால்தான் அளக்கும்போது மூக்கைக் குறைந்த சூட்டில் வைக்கிறார்கள். 2022-ல் வந்த பாம்பு லேப் எக்ஸ்1 இன்னும் ஒரு படி மேலே போய் லேசரால் கோடுகளைப் படித்தது. ஆனால் சொரசொரப்பான பி.இ.ஐ. தட்டைப் போட்டால் ஒளி சிதறி அந்த அளவீடு சரிவராது. காசு கொடுத்து வாங்கிய லேசர், தட்டு மாறியதும் கண்ணை மூடிக்கொள்கிறது. :-)

சரி, உயரம் சரியாகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒட்டுமா? அது எந்த உயரச் சென்சாருக்கும் தெரியாது. விரல் பிசுக்கு, ஆடிக் காற்றில் ஜன்னல் வழியாக வந்து படியும் கரிசல் புழுதி, எதுவும் அதன் கணக்கில் இல்லை. சோப்புத் தண்ணீரோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ போட்டுத் துடைத்தால் தீரும் சங்கதிக்கு, மெக்கானிக்கைத் தேடுவார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. வழவழப்பான பி.இ.ஐ.யில் பெட்-ஜி அளவுக்கு மீறி ஒட்டி, பெயர்க்கும்போது பூச்சையே பிய்த்துக்கொண்டு வரும். அங்கே பசைக்குச்சி தடவுவது ஒட்டுவதற்காக அல்ல, விடுவதற்காக. கடலைமிட்டாய்ப் பாகை ஊற்றும் முன் தட்டில் நெய் தடவுகிற அதே புத்திதான். புவிசார் குறியீடு வாங்கிய (2020) கடலைமிட்டாய் ஊரில் இதற்கு என்ன விளக்கம் வேண்டியிருக்கிறது?

"புது மிஷின்ல இதெல்லாம் சரி பண்ணிட்டாங்க" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். உண்மையில் மிஷின் புதிதாகப் புதிதாகத் தட்டின் மேல் சாய்வது கூடியிருக்கிறது. திருகைக் கையால் திருகிய காலத்தில் மனிதன் தட்டைத் தொட்டான், பார்த்தான், கீறலை உணர்ந்தான். இப்போது தட்டு பொருள் வைக்கிற பலகை மட்டுமல்ல, அளவுகோலின் ஒரு முனை. அளவுகோல் தேய்ந்தால் அளவு தேயாதா?

இதில் நிஜமாகவே எரிச்சல் தருவது கணக்குப் புத்தகம். பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் மூலதனச் செலவு, வருவாயினச் செலவு என்று உருப்போட்டவர்கள்தான் கொள்முதல் பட்டியல் போடுகிறார்கள். இயந்திரம் மூலதனம், சரி. அதோடு வந்த தட்டையும் சேர்த்து ஒரே வரியில் எழுதி மூடிவிடுகிறார்கள். தட்டு தேய்கிற சாமான்! தேய்மானம் என்ற சொல் இதைவிட நேரடியாகப் பொருந்தும் இடம் வேறு இருக்க முடியாது. இழை வாங்கக் காசு ஒதுக்குவார்கள், அந்த இழை ஒட்ட வேண்டிய பரப்புக்கு ஒதுக்க மாட்டார்கள். பட்டாணிக்குக் காசு உண்டு, வறுக்கிற சட்டிக்குக் கிடையாது.

இது யாரோ பணக்கார வீட்டுப் பிள்ளையின் பொழுதுபோக்குப் பிரச்னை இல்லை. 2016-ல் தொடங்கிய அடல் புத்தாக்கத் திட்டத்தில் பள்ளி ஆய்வகம் ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம்: 10 லட்சம் அமைக்க, 10 லட்சம் 5 ஆண்டு நடத்த. 3டி பிரிண்டர் அந்த ஆய்வகங்களின் முக்கியமான சாமான். 2025 பட்ஜெட்டில் அரசுப் பள்ளிகளில் 5 ஆண்டுகளில் இன்னும் 50,000 ஆய்வகங்கள் என்று அறிவித்தாயிற்று. நடத்தும் செலவுக்குப் பணம் இருக்கிறது, அதில் தட்டுக்கு ஒரு வரி போட வேண்டும், அவ்வளவுதான். போடாவிட்டால் எட்டயபுரம் பக்கமோ கழுகுமலைப் பக்கமோ எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பட்டனை அமுக்கி, இழை சுருண்டு வருவதைப் பார்த்து, தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கிவிடும். மிஷினுக்கு உறை போட்டுவிடுவார்கள். கிளையில் புதுத் தட்டு ஒன்று வாங்க எந்த வவுச்சரில் எழுதுவது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாமலே அடுத்த ஆண்டு தணிக்கை வந்துவிடும்.

ஆகவே பட்டியல் போடும் புண்ணியவான்களே, "3டி பிரிண்டர் - 1" என்று எழுதிய கையோடு அடுத்த வரியையும் எழுதுங்கள்: வழவழப்புத் தட்டு 1, சொரசொரப்புத் தட்டு 1, இரண்டும் அந்த மாடலின் சென்சாருக்கு ஒத்துவரும் என்று விற்பவரின் எழுத்துப்பூர்வ உறுதி, துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு லிட்டர். அசிட்டோன் வாங்கிவிடாதீர்கள், வழவழப்பான பி.இ.ஐ. அதில் வெடிப்பு விடும்.