மணலும் நாவும்

"இன்னும் அந்தக் கார்ட்டூனையா பாக்குற? புத்தகத்த எடு மகள்" என்று உம்மா சொல்லாத நாளில்லை. உம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். சிவந்த தலைமுடிப் பையன் ஒருவன் மணலைக் கிளப்பி மனிதரை நசுக்கும் காட்சியைத் தற்செயலாகக் காணும் எந்தத் தாயும் அதைத்தான் சொல்வார். ஆனாலும் அந்தப் பையன் எனக்கு உணர்த்திய ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவன் பெயர் காரா. மசாஷி கிஷிமோட்டோ 1999 முதல் 2014 வரை 700 அத்தியாயங்களாகப் படைத்த 'நருட்டோ' என்ற ஜப்பானியச் சித்திரக்கதையில் வருபவன். அது அனிமேயாகித் தமிழ்க் குரலிலும் வந்துவிட்டதால் எங்கள் வகுப்பில் அவனைத் தெரியாதவர்கள் குறைவு. தெரியாத பெற்றோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மணற்கிராமத்தின் தலைவர் தம் ஊருக்கு ஓர் ஆயுதம் வேண்டுமென்று, மனைவியின் வயிற்றிலிருந்த குழந்தைக்குள் கொடிய மிருகமொன்றை அடைத்து முத்திரையிடச் செய்கிறார். பிரசவத்தோடு தாய் இறந்துபோகிறாள். பிறந்த பிள்ளை நினைக்காமலே மணல் எழும்புகிறது, அருகில் இருப்பவர் காயப்படுகிறார்கள். அவனைக் கண்டாலே மற்றப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். உறங்கினால் மிருகம் தன்னை விழுங்கிவிடும் என்பதால் அவனுக்கு உறக்கமும் இல்லை. அவன் நம்பியிருந்த ஒரே மனிதர் தாய்மாமன். அவரே தகப்பனின் கட்டளைப்படி அவனைக் கொல்ல வருகிறார். தாய் அவனை ஒருநாளும் நேசித்ததில்லை என்றும் சொல்லிவிட்டுச் சாகிறார். அன்றோடு அந்தச் சிறுவன், ஊர் சொன்ன அரக்கனாகவே ஆகிவிடுகிறான்.

போன வருடம்வரை இது எனக்கும் வெறும் கதைதான்.

அப்போது நான் பதுளை நகரில் ஒரு பிரத்தியேக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் உட்காருபவள் பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வருபவள். அவளுடைய அம்மா கொழுந்து பறிப்பவர். கணக்கில் அவளை முந்த அங்கே யாருமில்லை. ஒருநாள் நான் இரவல் கொடுத்த கொப்பி மழையில் நனைந்து, எழுத்தெல்லாம் கரைந்து வந்தது. பரீட்சைக்கு இரண்டே நாட்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "தோட்டக்காட்டுப் புத்தியக் காட்டிட்ட தானே" என்றேன். முழு வகுப்பும் கேட்டது. அவள் ஒன்றும் பேசவில்லை. ஈரத்தில் ஒட்டிப்போன தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் வைத்தாள். அடுத்த கிழமை முதல் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தாள்.

அந்தச் சொல்லை நான் யோசித்துச் சொல்லவில்லை. காராவின் மணலைப் போல அது தானாக எழுந்தது. ஆனால் எனக்குள் அது எப்படி வந்தது? கல்யாண வீட்டிலும் கடைத்தெருவிலும் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லக் கேட்டிருக்கிறேன். அர்த்தம் விளங்காத வயதிலேயே அதை எனக்குள் வைத்து முத்திரையிட்டிருக்கிறார்கள்.

அர்த்தத்தைப் பிறகு தேடிப் படித்தேன். இந்த ஊவா மலைகளில் முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003 இல். இடையில் 55 வருடங்கள். சட்டம் திருந்திவிட்டது, நம் வாய் இன்னும் திருந்தவில்லை. அந்த 55 வருடங்களின் பாரமும் சேர்ந்தே அன்று அவள்மேல் விழுந்திருக்கிறது.

இந்த வலி நமக்குப் புரியாததா? 2019 ஏப்ரலுக்குப் பிறகு பஸ்ஸில் நம் உம்மாமார்மேல் விழுந்த பார்வைகளை மறந்துவிட்டோமா? யாரோ செய்ததற்காக ஒரு சமூகத்துக்கே பெயர் சூட்டினால் எப்படி இருக்கும் என்று நாம் அறிவோம். நருட்டோ காராவைப் புரிந்துகொண்டதும் இப்படித்தான். அவனுக்குள்ளும் ஒரு மிருகம் அடைக்கப்பட்டிருந்தது, அவனையும் ஊர் ஒதுக்கியிருந்தது. பட்டவனுக்குத்தான் பட்டவனைத் தெரியும். அப்படிப்பட்ட ஒருவன் எதிரில் வந்து நின்றபோதுதான் காரா மாறத் தொடங்கினான்.

மாறிய பின் அவன் செய்ததுதான் என்னை உலுக்கியது. எல்லாம் மிருகத்தின் வேலை என்று அவன் தப்பித்துக்கொள்ளவில்லை. ஊருக்குத் தலைவனாகி, கொன்ற அதே மணலை ஊரைக் காக்க எழுப்பினான். பெரும்போருக்கு முன், ஒரு காலத்தில் பகைவராக இருந்த படைவீரர்கள் எல்லோர் முன்னிலும் நின்று பழைய வெறுப்பை ஒப்புக்கொண்டான். மன்னிக்க முடியாதவர்கள் போர் முடிந்ததும் தன் தலையை எடுத்துக்கொள்ளலாம் என்றான்.

கற்பனைப் பாத்திரமொன்றை நபிமாரோடு ஒப்பிட நான் துணியமாட்டேன். ஆனால் காராவை நினைத்தபோது என் மனம் அல்குர்ஆனின் கஸஸ் அத்தியாயத்துக்குத்தான் போனது. நபி மூஸா (அலை) அவர்களின் ஒரே குத்தில் ஒருவன் இறந்துபோகிறான். கொல்லும் எண்ணம் அவர்களுக்கு இருக்கவில்லை. இருந்தும் சாக்குச் சொல்லாமல், தமக்குத் தாமே அநியாயம் செய்துகொண்டதாக இறைவனிடம் மன்றாடுகிறார்கள், மன்னிக்கப்படுகிறார்கள். பிறகு மத்யன் நீர்த்துறையில் ஒதுங்கி நின்ற இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டியவை அதே கைகள்தாம்.

மனிதருக்கு இழைத்த அநியாயத்துக்கு அல்லாஹ்விடம் மட்டும் மன்னிப்புக் கேட்டால் போதாது, அந்த மனிதரிடமும் கேட்க வேண்டும் என்று இஸ்லாம் பாடத்தில் படித்துப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். செய்வதற்கு எனக்கு மூன்று மாதம் எடுத்தது. ஒரு சனிக்கிழமை கடைசி வாங்குக்குப் போனேன். எல்லோரும் கேட்கச் சொன்ன சொல்லுக்கு எல்லோரும் கேட்கவே மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடு" என்றாள். அவள் இன்னும் கடைசி வாங்கில்தான் இருக்கிறாள். இப்போது நானும் அங்கேதான், நடுவில் ஓரிடம் விட்டு.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். காராவுக்குள் மிருகத்தை முத்திரையிட்டவர் சியோ என்ற முதிய பெண். வருடங்கள் கழிந்து அவன் இறந்து கிடக்கும்போது, தன் உயிரைக் கொடுத்து அவனை எழுப்புபவரும் அவரே. உங்களிடம் நாங்கள் உயிரைக் கேட்கவில்லை. அடுத்த முறை வீட்டில் அப்படியொரு சொல் வாய்வரை வந்தால் விழுங்கிவிடுங்கள். கதவோரத்தில் ஒரு சின்னப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கலாம்.