12 டிஸ்க் பழுதானதில் முடங்கிய வரித்துறை: போன டேட்டாவை மீட்க முடியுமா?

தென் கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26-ம் தேதி தீப்பிடித்தது. லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது பற்றிய தீ அது. அரசு ஊழியர்கள் அலுவலகக் கோப்புகளைச் சேமித்து வந்த 'ஜி-டிரைவ்' அதில் கருகியது. போனது 858 டெராபைட் டேட்டா. பயன்படுத்தி வந்தவர்கள் சுமார் 1.25 லட்சம் பேர். கொள்ளளவு மிகப் பெரியது என்பதால் வெளியே எங்கும் பேக்கப் இல்லை, மீட்கவும் வழியில்லை என்று அரசே சொல்லிவிட்டது.

தீப்பிடித்தால்தான் இப்படி ஆகும் என்றில்லை. சில டிஸ்க்குகள் பழுதானாலே ஓர் அரசுத் துறை முடங்கிவிடும். ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா போகாது என்று சொல்லித்தானே இந்த ஸ்டோரேஜ்களை விற்கிறார்கள்? அப்புறம் எப்படி?

ரெய்டு என்றால் என்ன?

வரித்துறை நடத்தும் ரெய்டு அல்ல இது. பல டிஸ்க்குகளை ஒரே குழுவாக்கி, டேட்டாவைப் பிரித்து எழுதும் முறை. கூடவே ஒரு கணக்கும் எழுதப்படும். முதல் டிஸ்க்கில் 5, இரண்டாவதில் 3, மூன்றாவதில் கூட்டுத்தொகை 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 இருந்த டிஸ்க் பழுதானாலும், 8-ல் 5 போக 3 என்று கண்டுபிடித்துவிடலாம். இரண்டு டிஸ்க் போனால்? கணக்கு போட வழியே இல்லை. 'ரெய்டு 6' முறை இரண்டு வரை தாங்கும், அவ்வளவுதான்.

சிக்கல் பெரும்பாலும் பழுது பார்க்கும்போதுதான் வரும். புதிய டிஸ்க்கைச் செருகியதும், மற்ற டிஸ்க்குகளை முழுவதும் படித்துத்தான் இழந்ததை எழுத முடியும். இதற்குப் பல மணி நேரம், சில சமயம் நாள் கணக்கில்கூட ஆகும். மற்றவையும் ஒன்றாக வாங்கிய பழைய டிஸ்க்குகள் என்றால், அந்தச் சுமையில் இன்னொன்று படுத்துவிடும் அபாயம் அதிகம்.

800-ல் 12

2016 டிசம்பர் 12-ம் தேதி ஆஸ்திரேலிய வரித்துறையின் ஆன்லைன் சேவைகள் முடங்கின. சுமார் 800 டிஸ்க்குகளில் பழுதானவை வெறும் 12. ஆனால் டேட்டா எல்லா டிஸ்க்குகளிலும் பரவிக் கிடந்ததால், பாதிப்பு பெரும்பாலான சேவைகளைத் தொட்டது. முந்தைய மாதங்களிலேயே எச்சரிக்கைகள் பதிவாகியிருந்தன என்று பின்னர் வந்த அறிக்கை கூறியது. மீட்புக்குத் தேவையான மென்பொருள் கருவிகள் சிலவும் அதே ஸ்டோரேஜில்தான் இருந்தன. சாவியை உள்ளேயே வைத்து வீட்டைப் பூட்டிய கதை!

ஆனாலும் வரி செலுத்துவோரின் டேட்டா எதுவும் போகவில்லை என்று வரித்துறை உறுதியளித்தது. நாள்கள் போயின, டேட்டா போகவில்லை.

மீட்பு எப்படி நடக்கிறது?

மீட்பு நிபுணர்கள் பழுதான குழுவை அப்படியே இயக்கிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு டிஸ்க்கையும் கழற்றி, வரிசை எண் குறித்து, முதலில் முழு நகல் எடுப்பார்கள். பிறகு அந்த நகல்களை மட்டும் வைத்து, டிஸ்க்குகளின் வரிசை, டேட்டா வெட்டப்பட்ட அளவு ஆகியவற்றைக் கண்டுபிடித்து கணினியில் மறுபடி கோப்பார்கள். அவசரப்பட்டு 'இனிஷியலைஸ்' கொடுப்பதும், டிஸ்க்குகளை இடம் மாற்றிச் செருகுவதும் மீட்கக்கூடியதையும் அழித்துவிடலாம்.

அப்படியென்றால் பேக்கப் வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். ரெய்டு, டிஸ்க் பழுதானாலும் வேலை நிற்காமல் ஓட வைப்பதற்குத்தான். தெரியாமல் அழித்த கோப்பையோ, தீயில் கருகியதையோ அது திருப்பித் தராது. இதற்காகத்தான் '3-2-1' விதி: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். அந்தப் பிரதியிலிருந்து கோப்புகள் திரும்ப வருகின்றனவா என்று அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதும் அவசியம். டேஜானில் ஜி-டிரைவுக்கு இல்லாமல் போனது அந்த வேறு இடத்துப் பிரதிதான்.