குறட்டை நடுவே மூச்சு நிற்கிறதா?

பாரிசவாயு என்னும் பக்கவாதம் வந்து பிழைத்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் என்ன கேட்பார்கள்? "கை எழும்புகிறதா? நடக்கிறாரா? பேச்சுத் தெளிந்ததா?" என்பார்கள். "ராத்திரி எப்படித் தூங்குகிறார்?" என்று யாரும் கேட்பது இல்லை. கேட்க வேண்டும்!

நெய்வேலியில் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். 1956-ல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் சுரங்கத்துக்கும் அனல் மின் நிலையத்துக்கும் இரவு, பகல் கிடையாது. தொழிலாளர்கள் மாறி மாறி ஷிப்டு பார்க்கிறார்கள். அப்படி உழைத்து ஓய்வு பெற்ற ஒருவருக்குப் பக்கவாதம் வந்து, ஐந்தாறு ஆண்டுகள் ஆன பிறகும் பகலில் நாற்காலியிலேயே கண் அயர்ந்தால், வீட்டார் என்ன நினைப்பார்கள்?

"முப்பது வருஷம் நைட் ஷிப்டு பார்த்த உடம்பு. அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். "மாமாவுக்கு நல்ல தூக்கம். குறட்டை தெருவுக்கே கேட்கிறது" என்று மருமகள் பெருமையாகச் சொல்லுவாள்.

தொண்டை அடைப்பு

தூங்கும்போது தொண்டைத் தசை தளரும். நாக்கு பின்னால் சரியும். காற்று போகும் வழி குறுகும். அப்போது வருவதுதான் குறட்டை.

வழி முழுவதும் அடைத்துக்கொண்டால், மூச்சு நின்றுவிடும். 10 விநாடி நிற்கும். சிலருக்கு அரை நிமிஷம்கூட நிற்கும். ரத்தத்தில் பிராணவாயு குறையும். மூளை பதறி, ஆளை எழுப்பும். திணறி மூச்சு இழுத்துவிட்டு, மறுபடி தூங்கிப்போவார். காலையில் அவருக்கு ஒன்றும் நினைவு இராது. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்குத்தான் தெரியும்.

இப்படி மணிக்கு 5 தடவையோ அதற்கு மேலோ நடந்தால், டாக்டர்கள் அதைக் கோளாறு என்கிறார்கள். 30 தடவை என்றால், கடுமையானது.

பக்கவாதம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கோளாறு இருப்பதாகப் பல நாட்டு ஆராய்ச்சிகள் கூறுகின்றன. பலருக்கு ஆண்டுகள் கழிந்தும் விலகுவது இல்லை. குண்டானவர்களுக்குத்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். ஒல்லியானவர்களுக்கும் வரும்.

மூச்சு நிற்கும்போதெல்லாம் ரத்த அழுத்தம் ஏறுகிறது. மாத்திரை தவறாமல் சாப்பிட்டும் கொதிப்பு இறங்காதவர்களுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். காலைத் தலைவலி, மறதி, சிடுசிடுப்பு, பகல் தூக்கம் எல்லாம் உடன் வரும்.

காற்றுக் கருவி

மூக்கில் கவசம் மாட்டி, காற்றை மெல்ல அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை, 1981-ல் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் வெளியிட்டார். இது மாய மருந்து அல்ல. இருதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களிடம் நடந்த ஒரு பெரிய பரிசோதனையின் முடிவு 2016-ல் வெளியாயிற்று. மறு தாக்குதல் அதனால் குறையவில்லை. ஆனால் குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்தன, மனச்சோர்வும் தணிந்தது. படுத்த படுக்கையாய் இருந்து மீண்டவருக்கு இது சின்ன லாபமா?

தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5-ந் தேதி "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. வீடு தேடி வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். பக்கவாத நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிறார்கள். அருமையான ஏற்பாடு! அவர்கள் கையில் உள்ள படிவத்தில் இன்னும் இரண்டு கேள்விகள் சேரட்டும். "குறட்டை விடுகிறாரா? நடுவில் மூச்சு நிற்கிறதா?" இதற்குச் செலவே இல்லை. நோயாளியிடம் கேட்டுப் பயன் இல்லை. வீட்டு அம்மாளிடம் கேட்க வேண்டும்.

மல்லாந்து படுத்தால் அடைப்பு அதிகமாகும். ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம். செயல் இழந்த தோள் நசுங்காமல் தலையணை கொடுக்க வேண்டும். மது ஆகாது. டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரை கொடுக்கவே கூடாது. அவர் தூங்குவதை ஐந்து நிமிஷம் செல்போனில் படம் எடுத்து, அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டாக்டரிடம் காட்டுங்கள்.