தாளைக் கெடுக்கும் உரிமை

ஓவியம் வரையத் தெரிந்த ஒருவர் நம் வீட்டிலோ அலுவலகத்திலோ இருந்தால், அவரிடம் முதலில் "எங்கே கற்றீர்கள்?" என்று கேட்கிறோம். அடுத்த கேள்வி, "இதை விற்கலாமே?" என்பது. கேட்பவர் பாராட்டாகவே கேட்கிறார். ஆயினும் பொழுதுபோக்கு ஓவியரின் கையைக் கட்டிப்போடும் கேள்வி அதுவே என்பது நம் கருத்து. சேமிப்பைப் பெருக்கவும் திறமையை வருமானமாக்கவும் வழி சொல்லும் ஒரு வங்கி இதழில் இவ்வாறு எழுதுவது முரணாகத் தோன்றலாம். தோன்றட்டும்.

நடப்பது என்ன? நீர்வண்ணத்தில் பிள்ளையாரை அழகாகத் தீட்டும் ஒருவரிடம், உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு ஒன்று, நண்பரின் புதுமனை புகுவிழாவுக்கு ஒன்று எனக் கேட்டு வாங்குகிறார்கள். இருபதாவது பிள்ளையார் வரும்போது கை தேர்ந்துவிடுகிறது, கண் உறங்கிவிடுகிறது. அவருக்குச் சார்கோலில் சந்தைக் கூட்டத்தை வரைந்து பார்க்க ஆசை இருந்திருக்கும். ஆனால் அது சரியாக வராமல் போகலாம். 'நன்றாக வரைபவர்' என்று பெயரெடுத்தவர் நன்றாக வராத ஒன்றைச் செய்யத் தயங்குகிறார். தொழில்முறை ஓவியருக்கு ஒரே பாணியில் நிற்க ஒரு நியாயம் உண்டு. அவரைத் தேடி வருபவர் அந்தப் பாணியைத்தான் கேட்கிறார், அதில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது. சம்பளத்திலோ ஓய்வூதியத்திலோ வாழும் நமக்கு அந்தக் கட்டாயம் ஏதுமில்லை. இல்லாத சங்கிலியை நாமே ஏன் பூட்டிக்கொள்ள வேண்டும்?

ரவீந்திரநாத் தாகூரை இங்கே நினைக்கலாம். 1913இல் நோபல் பரிசு பெற்றுவிட்ட கவிஞர் அவர். 1924இல் அர்ஜென்டினாவில் தங்கியிருந்தபோது, 'பூரபி' கவிதைகளின் கையெழுத்துப் படியில் அடித்துத் திருத்திய சொற்களை வெறும் கிறுக்கலாக விட மனமின்றி ஒன்றோடொன்று கோட்டால் இணைத்தார். அவை விசித்திரப் பறவைகளாகவும் விலங்குகளாகவும் உருவெடுத்தன. அப்போது அவருக்கு வயது 63. பிறகு எழுதுகோல் மையும் வண்ண மைகளும் துணித்துண்டும் விரலுமாக, கைக்குக் கிடைத்ததைக் கொண்டு வரைந்தார். 1930 மே மாதத்தில் பாரிஸில் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. வாழ்நாள் முடிவதற்குள் அவர் வரைந்தவை 2,000க்கும் மேல். கவிதையில் காக்க வேண்டிய பெயர் அவருக்கு இருந்தது, ஓவியத்தில் இல்லை. அந்த விடுதலையை அவர் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார் என்றே நாம் கருதுகிறோம்.

சண்டிகரில் நேக் சந்த் செய்தது இன்னும் துணிவானது. பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்த அவர், புதிய நகரம் எழுவதற்காக இடிக்கப்பட்ட ஊர்களின் இடிபாடுகளிலிருந்து உடைந்த வளையல், பீங்கான் ஓடு, சைக்கிள் பாகம் எனச் சேகரித்தார். 1950களின் பிற்பகுதியிலிருந்து, கட்டடம் கட்டக்கூடாத வனப்பகுதி ஒன்றில் அவற்றைச் சிமெண்டோடு சேர்த்துச் சிற்பங்களாக்கினார். ஏறக்குறைய 18 ஆண்டுகள் யாருக்கும் தெரியாது. 1976இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்றைய ராக் கார்டன் அதுதான். (அரசு நிலத்தில் தோட்டம் போடுமாறு நாம் யாருக்கும் சொல்லவில்லை.) பாராட்டோ விலையோ எட்டாத அந்த நீண்ட காலத்தில்தான் அந்தப் பாணி உருவாயிற்று என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

ஊடகத்தை மாற்றினால் என்ன கிடைக்கும் என்று கேட்கலாம். பார்வை மாறும். நீர்வண்ணத்தில் வெண்மை என்பது தாள். ஒளிபட வேண்டிய இடத்தை முன்கூட்டியே முடிவுசெய்து தீண்டாமல் விட வேண்டும், மெல்லிய நிறத்திலிருந்து அடர்நிறத்துக்குப் போக வேண்டும். அதில் பழகியவர் அக்ரிலிக்குக்கு வந்தால், காய்ந்த கறுப்பின் மீதும் வெள்ளையைப் பூசலாம் என்ற உரிமையைக் கண்டு திகைக்கிறார். சார்கோலில் தாள் முழுவதையும் கரியால் நிரப்பிவிட்டு, மாவுபோல் பிசையும் அழிப்பானால் ஒளியைத் துடைத்தெடுக்கலாம். அங்கே அழிப்பதும் வரைவதே. லினோ அச்சில் செதுக்கிய இடம் வெள்ளையாக நிற்கும், செதுக்காத இடம் மையை ஏந்தும், படம் இடவலம் மாறி விழும். பெயரைச் செதுக்கும்போது எழுத்துகளைத் தலைகீழாக்க வேண்டுமா, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்ப வேண்டுமா என்று ஒரு மாலைப்பொழுது முழுவதும் குழம்புவது உறுதி. (கண்ணாடியில் தெரிவதுபோல.) இவ்வளவும் கற்றபின் மீண்டும் நீர்வண்ணத்துக்கு வருபவர், பழைய பிள்ளையாரைப் பழையபடி வரையமாட்டார். ஒளி எங்கே விழுகிறது என்று அவர் முதலில் பார்ப்பார்.

பாணியைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. வார்லி, மதுபனி முதலியவை இப்போது பெட்டியில் அடைத்த பயிற்சித் தொகுப்புகளாக விற்கின்றன. அச்சிட்ட கோட்டுக்குள் வண்ணம் நிரப்பினால் படம் முடிந்துவிடும். அது புதிய பாணியைப் பழகுவதாகாது. மகாராஷ்டிரத்தின் வார்லி மக்கள் அரிசிமாவுக் கரைசலை, நுனியை மென்று தூரிகையாக்கிய மூங்கில் குச்சியால் செம்மண் சுவரில் தீட்டினார்கள். அரிசிமாவும் காவிப்பொடி பூசிய தடித்த தாளும் ஒரு குச்சியும் நம் வீட்டிலேயே திரட்டக்கூடியவை. அந்தக் குச்சியால் ஒரு வட்டமும் இரு முக்கோணமும் வரைந்து ஒரு மனிதரை நடக்கவைக்க முயன்றால்தான், அந்தச் சிக்கனத்துக்குள் எவ்வளவு திறன் இருக்கிறது என்று விளங்கும்.

ஒன்றிலும் தேராமல் தாவிக்கொண்டே இருப்பதற்கு இது சாக்காகாதா என்ற ஆட்சேபம் நியாயமானது. வாரத்துக்கு ஓர் ஊடகம் என்று மாற்றுபவர் கடைக்காரருக்கே நன்மை செய்கிறார். ஆறு மாதமாவது ஒன்றில் நிற்க வேண்டும் என்பது நம் துணிபு. அலுப்பு வந்தபின்னும் ஒரு மாதம் நின்றால் இன்னும் நல்லது, ஏனெனில் எளிதாக வந்தவை தீர்ந்தபிறகே ஊடகம் தன் கடினமான பக்கத்தைக் காட்டுகிறது.

செலவிலும் கணக்கு வேண்டும். 48 வண்ணப் பெட்டி தேவையில்லை. மூன்று முதன்மை வண்ணங்களும் வெள்ளையும் அக்ரிலிக்குக்குப் போதும், கலக்கவும் கற்றுக்கொள்ளலாம். நீர்வண்ணத்துக்கு மட்டும் தாளில் கஞ்சத்தனம் கூடாது. மெல்லிய தாள் நனைந்தால் அலையலையாகச் சுருளும், பழி நம் கையின் மேல் விழும். 300 ஜி.எஸ்.எம். தாளை வாங்கி நான்காக வெட்டிக்கொண்டால் கெடுக்கவும் மனம் வரும். மாதந்தோறும் ஒரு சிறு தொகையை இதற்கென ஒதுக்கி, அதைத் திரும்பி வராத பணமாகவே எழுதிவிடுங்கள்.

கெட்ட தாள்களையும் எறிய வேண்டாம். பின்பக்கத்தில் தேதியையும் பயன்படுத்திய பொருளையும் குறித்து ஒரு கோப்பில் அடுக்கலாம். சார்கோல் படங்களுக்கு இடையில் மட்டும் ஒரு பட்டர் தாள் வையுங்கள். இல்லையெனில் கரி அடுத்த படத்திலும் ஒட்டிக்கொள்ளும்.